பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே: தலைநகரில் தவிக்கும் பழைய மோட்டார் சைக்கிள்கள்

புது தில்லி: தலைநகரில் ஞாயிற்றுக்கிழமை காலை பலருக்குத் தாமதமாக எழும் நேரம், சிலருக்கோ கைகளில் கரி படியும் நேரம். குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களிலும் பின்புறச் சந்துகளிலும் பழைய சாக்கை விரித்து, அதன்மேல் ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி, வாரம் முழுவதும் மூடிவைத்திருந்த மோட்டார் சைக்கிளின் உறையை அகற்றுபவர்கள் இவர்கள். அலுவலக ஊழியர்கள், வழக்குரைஞர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பல தரப்பினரும் இதில் உண்டு. பழுது நீக்குவது இவர்களது தொழில் அல்ல; பொழுதுபோக்கு.

சிறுகச் சிறுகச் சேர்த்த கருவிகளைக் கொண்டு, தாமே கற்றுக்கொண்ட கைத்திறனால் தத்தம் வாகனத்தை ஓடும் நிலையில் வைத்திருக்கும் இந்த ஆர்வலர்களை இப்போது வாட்டும் கேள்வி, என்ஜின் கோளாறு பற்றியது அல்ல, வயது பற்றியது. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர வட்டாரத்திலும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனம் சாலையில் ஓடக் கூடாது. அதேவேளையில், 50 ஆண்டு கடந்த வாகனத்தைப் பாரம்பரியச் சின்னமாக மத்திய அரசின் விதிகள் ஏற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 35 ஆண்டுகளை ஒரு மோட்டார் சைக்கிள் எப்படிக் கடப்பது என்பதற்கு எந்த விதியிலும் விடை இல்லை.

அண்டை வீட்டுப் பிள்ளைகள்: ஆர்வலர்கள் போற்றும் வாகனங்களில் முதலிடம் 'புல்லட்'டுக்கு உரியது. 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வை உருவாக்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் எழுந்த ஆலையிலிருந்து புறப்பட்ட புல்லட்கள் ராணுவத்திலும் காவல்துறையிலும் இடம்பிடித்தன. பஞ்சாபிலும் தில்லியிலும் அவை குடும்ப அடையாளமாகவே மாறின. இங்கிலாந்தில் அந்நிறுவனம் மூடப்பட்ட பிறகும் சென்னையில் உற்பத்தி தொடர்ந்தது.

மற்ற இரண்டும் தலைநகரின் அண்டை வீட்டுப் பிள்ளைகள். யமஹா நிறுவனத்தின் 'ஆர்.டி. 350' வாகனம், 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தால் 1983 முதல் சில ஆண்டுகள் ஹரியாணாவின் ஃபரீதாபாதில் தயாரிக்கப்பட்டது. இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட, அக்காலத்தில் மிரட்சியூட்டிய வேகம் உடைய இந்த வாகனம், பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்ற காரணத்தால் சந்தையில் தோற்றது. 1985-இல் உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூர் ஆலையிலிருந்து வரத் தொடங்கிய 'ஆர்.எக்ஸ். 100' வாகனமோ 1996 வரை கொடிகட்டிப் பறந்தது. ஃபரீதாபாதும் சூரஜ்பூரும் தலைநகர வட்டாரத்துக்குள் வருபவை. ஆக, அந்த வாகனங்கள் தாம் பிறந்த ஊரிலேயே ஓட முடியாத நிலையில் உள்ளன.

காதும் கண்ணும் விரலும்: பழைய வாகனங்களை வீட்டிலேயே பராமரிக்க முடிவதற்குக் காரணம் அவற்றின் எளிமை. வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட பழைய புல்லட்டில் வால்வுகளை இயக்கும் தண்டுகளின் இடைவெளியைச் சரிபார்க்க அளவுகோல்கூடத் தேவையில்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில் பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து, தண்டை விரல்களால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவே.

அந்த வாகனத்தைக் கிளப்புவதும் ஒரு கலை. கைப்பிடி அருகே உள்ள முகப்பில் மின்னோட்டத்தைக் காட்டும் முள், கிக்கரை மெல்ல மிதிக்கும்போது நடுவுக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றும் சிறு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு கிக்கரைச் சற்றே நகர்த்தி, பிறகு நெம்புகோலை விட்டு முழுமூச்சாய் உதைக்க வேண்டும். முறை தெரியாமல் உதைத்தவரின் கணுக்காலை அது திருப்பி உதைத்துப் பதம் பார்த்த கதைகள் வட இந்தியக் குடும்பங்களில் ஏராளம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தே என்ஜினின் உடல்நிலையை அறியலாம் என்பது ஆர்வலர்கள் கற்கும் முதல் பாடம். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகச் செல்கிறது. வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைந்து என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. சங்கிலியைச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவதும், அதன் தொய்வைப் பெரும்பாலான வாகனங்களில் 25 முதல் 30 மில்லி மீட்டருக்குள் வைப்பதும் அடுத்த பாடங்கள்.

ஆர்.டி. 350 இன்னும் கண்டிப்பானது. இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனி கார்புரேட்டர் உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகும்போது இரண்டும் ஒரே கணத்தில் திறக்க வேண்டும். என்ஜினுக்கு எண்ணெய் செலுத்தும் பம்ப் பிசகினால் பிஸ்டன் ஓட்டத்தின் நடுவே இறுகிவிடும். எனவே, பம்பின் அளவைச் சரிபார்க்காமல் நெடுந்தூரம் புறப்படுவதை அனுபவசாலிகள் தவிர்க்கின்றனர்.

இவற்றையெல்லாம் செய்ய இடம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதுவே பெரும் பிரச்னை. தரையில் எண்ணெய்க் கறை, காலை வேளையில் என்ஜின் சத்தம் என அண்டை வீட்டாரின் புகார்களுக்குப் பஞ்சம் இல்லை. பழைய என்ஜின் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவது நிலத்தையும் நீரையும் கெடுக்கும். அது அபாயகரமான கழிவுகள் பட்டியலில் உள்ள பொருள். பொறுப்புள்ள ஆர்வலர்கள் அதைப் பழைய டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறைகளிடம் ஒப்படைக்கின்றனர்.

கரோல் பாக் என்னும் கல்லூரி: வீட்டில் தீராத சந்தேகத்துக்கு விடை தேடி இவர்கள் செல்லும் இடம் மத்திய தில்லியின் கரோல் பாக். அங்குள்ள நாய்வாலா பகுதியின் குறுகிய தெருக்களில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகளும் பட்டறைகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. லடாக், ஸ்பிதி போன்ற மலைப் பகுதிகளுக்குப் புறப்படும் உள்நாட்டு, வெளிநாட்டுப் பயணிகள் வாடகைக்கு புல்லட் எடுப்பதும் இங்குதான். காஷ்மீரி கேட் சந்தை மற்றொரு புகலிடம்.

வயது முதிர்ந்த மிஸ்திரிகள் இந்தப் பகுதியின் பேராசிரியர்கள். என்ஜின் ஓடும் ஓசையைக் கேட்டே எந்தத் தாங்கி தேய்ந்துள்ளது என்று கூறுபவர்கள் அவர்கள். பழைய புல்லட்டின் பல மரைகள் பிரிட்டிஷ் அளவைச் சேர்ந்தவை. இன்றைய மெட்ரிக் ஸ்பேனரை வலிந்து பொருத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும் என்பது போன்ற நுணுக்கங்கள் இங்கு வாய்மொழியாகவே கைமாறுகின்றன. அசல் உதிரிபாகங்கள் அருகிவிட்டதால், கடைசல் இயந்திரத்தில் புதிதாகக் கடைந்து தரும் வேலையும் நடைபெறுகிறது. போலி உதிரிபாகங்களும் கூடவே புழங்குவதால், பொருளைக் கையில் எடுத்து எடை பார்த்து வாங்கும் பழக்கம் ஆர்வலர்களிடம் உள்ளது.

அலங்காரமும் சட்டமும்: பராமரிப்பில் தொடங்கும் ஆர்வம் பெரும்பாலும் மாற்றியமைத்தலில் போய் முடிகிறது. கைப்பிடி, இருக்கை, விளக்கு, பெட்ரோல் டேங்க் என ஒவ்வொன்றாக மாறி, இறுதியில் நிறுவனம் தந்த வாகனத்தின் அடையாளமே மறைந்துவிடுவதும் உண்டு. இங்குதான் சட்டம் குறுக்கிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டையும் விதிக்க வகை செய்கிறது. மாற்றுத் திறனாளிகளின் பயன்பாட்டுக்கு ஏற்ப வாகனத்தை மாற்றுவதற்கும், உரிய ஒப்புதலுடன் அதே வகை என்ஜினைப் பொருத்துவதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்யப்படும் மாற்றங்கள், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது சிக்கலை உண்டாக்கும் என்பதும் கவனிக்கத்தக்கது.

அதிக எதிர்ப்புக்கு உள்ளாவது சைலன்சர் மாற்றமே. வெடிச் சத்தம் எழுப்பும் புல்லட்டுகளால் மருத்துவமனைகளும் பள்ளிகளும் குடியிருப்புகளும் அவதிப்படுகின்றன. 175 சிசி-க்கு மேற்பட்ட இரு சக்கர வாகனங்களுக்கு உற்பத்தி நிலையில் அனுமதிக்கப்பட்ட ஒலி அளவு 80 டெசிபல். ஒலி, காற்று மாசு விதிகளை மீறி வாகனம் ஓட்டுவோருக்கு முதல் முறையிலேயே 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் விதிக்கலாம். பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலை உருளையின் கீழ் வைத்துக் காவல்துறையினர் நசுக்கும் காட்சி பல நகரங்களில் அரங்கேறியுள்ளது. இத்தகையோரால் ஒழுங்காகப் பராமரிப்பவர்களின் பெயரும் கெடுகிறது என்பதே அசல் வடிவத்தை விரும்பும் ஆர்வலர்களின் வருத்தம்.

தொடரும் உத்தரவுகள்: இத்தனைக்கும் மேலாக வந்து நிற்பது வயது வரம்பு. 15 ஆண்டு கடந்த வாகனங்கள் தில்லியில் ஓடத் தடை விதித்து 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு 2015 ஏப்ரலில் தடை வந்தது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் இந்தத் தடைகளைச் செயல்படுத்த உத்தரவிட்டது.

2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்குப் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற நடவடிக்கை தொடங்கியது. எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. தில்லியில் இந்த வரம்பைக் கடந்தவையாக சுமார் 62 லட்சம் வாகனங்கள் கணக்கிடப்பட்டன. அவற்றில் சுமார் 41 லட்சம் இரு சக்கர வாகனங்கள். பொதுமக்களிடையே கடும் அதிருப்தி எழுந்ததால் சில நாள்களிலேயே அந்நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது.

பின்னர், 2025 ஆகஸ்ட் 12-இல், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. ஆர்வலர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஆனால், டிசம்பர் 17-இல் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய தரம் கொண்ட வாகனங்களுக்கு மட்டும் என உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

இதில் இரு சக்கர வாகன உரிமையாளர்களுக்கு ஒரு சிக்கல் அடங்கியுள்ளது. தில்லியில் கார்களுக்கு பி.எஸ்.-4 தரம் 2010-இலேயே கட்டாயமானது. எனவே, 15 ஆண்டு கடந்த பி.எஸ்.-4 கார்கள் உண்டு. அவற்றுக்குப் பாதுகாப்பும் உண்டு. இரு சக்கர வாகனங்கள் அனைத்துக்கும் அத்தரம் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். அந்த வாகனங்கள் 15 வயதை எட்டவே 2032 ஆகிவிடும். அதுவரை இந்தப் பாதுகாப்பு கார்களுக்குப் பயன்படும் அளவுக்கு, வயது வரம்பைக் கடந்த மோட்டார் சைக்கிள்களுக்குப் பயன்படப்போவதில்லை.

பிற மாநிலங்களில் நிலைமை வேறு. 15 ஆண்டு முடிந்ததும் வாகனத்தைச் சோதனைக்கு உட்படுத்தி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் முதல் மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ.1,000 ஆனது, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.2,000 ஆக உயர்ந்தது. மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஆலையில் பிறந்த ஜாவா, யெஸ்டி வாகனங்கள், ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் பெங்களூரில் அணிவகுப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தடையின்மைச் சான்று பெற்று, தங்கள் வாகனத்தைச் சொந்த ஊருக்கோ வேறு மாநில உறவினர் வீட்டுக்கோ அனுப்பிவைத்த தில்லிவாசிகள் பலர்.

எட்டாத ஐம்பது: 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதற்குத் தகுதி பெறும். பதிவுக் கட்டணம் ரூ.20,000; செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு; மறுபதிவுக்கு ரூ.5,000. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

அடிச்சட்டம், உடற்பகுதி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதும் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. இன்று அலங்காரத்துக்காக அடிச்சட்டத்தை அறுப்பவர், அந்த வாகனத்தின் எதிர்காலத் தகுதியையும் சேர்த்தே அறுத்துவிடுகிறார் என்பதை இளம் ஆர்வலர்கள் உணர வேண்டும்.

1983-இல் வெளிவந்த முதல் ஆர்.டி. 350 வாகனங்கள் இந்தத் தகுதியைப் பெறுவது 2033-இல். அதுவரை அவற்றைத் தில்லியில் வைத்திருப்பவர், ஓட்டாமல் தனியார் இடத்தில் பூட்டி வைக்கலாம்; வெளிமாநிலத்துக்கு அனுப்பலாம்; அல்லது உடைக்கக் கொடுக்கலாம். பொது இடத்தில் நிறுத்தினாலே பறிமுதல் அச்சம் உண்டு. பல ஆண்டுகள் ஓடாத என்ஜினில் ரப்பர் அடைப்புகள் காய்ந்து வெடிப்பதும், டேங்க்கின் உள்ளே துருப்பிடிப்பதும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைவதும் இயல்பு. ஓடாத வாகனம் கெடும் என்பது பழுதுபார்ப்பின் பால பாடம்.

புகையின் கணக்கு: எனினும், இந்தத் தடைக்குப் பின்னால் உள்ள நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. குளிர்காலத்தில் தில்லியின் காற்று குழந்தைகளையும் முதியோரையும் எந்த அளவுக்கு வாட்டுகிறது என்பதை இங்கு வசிப்பவர்கள் அறிவர். ஆர்.எக்ஸ். 100, ஆர்.டி. 350 போன்ற 'டூ-ஸ்ட்ரோக்' என்ஜின்களில் பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே வெளியேறுகிறது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் இந்தக் குறை முழுமையாக நீங்காது. பழைய வாகனங்களில் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கருவியும் கிடையாது.

அதே நேரத்தில், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று வழங்கும் சோதனை முறையே வாகனத்தின் தலைமுறையைக் கருத்தில் கொண்டதுதான். 2000 மார்ச் 31 வரை தயாரான இரு சக்கர வாகனங்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம், அதற்குப் பின் வந்த பி.எஸ். தர வாகனங்களுக்கு 3.5 சதவீதம். கார்புரேட்டரின் சிறு திருகு ஒன்றைச் சரியாக வைப்பதும், காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைப்பதும் இந்த அளவைக் குறைக்கும். அக்கறையோடு பராமரிக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் 20 வயது வாகனமும், கவனிப்பாரற்றுத் தினமும் பல கிலோ மீட்டர் ஓடும் 14 வயது வாகனமும் சட்டத்தின் கண்களுக்கு வயதால் மட்டுமே வேறுபடுகின்றன.

கைக்கு எட்டாத புதியவை: புதிய வாகனம் வாங்கி அதில் கைத்திறனைக் காட்டலாமே என்றால், அந்த வழியும் குறுகி வருகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 தரம் நடைமுறைக்கு வந்த பிறகு கார்புரேட்டர் இருந்த இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தும் கருவி பிடித்துக்கொண்டது. சைலன்சரை மாற்றினால் உணர்கருவிகளின் கணக்குப் பிசகுகிறது. 125 சிசி-க்கு மேற்பட்ட வாகனங்களில் 2019 முதல் கட்டாயமான ஏ.பி.எஸ். பிரேக்கில் கோளாறு ஏற்பட்டால், அதைக் கண்டறிய நிறுவனத்தின் மின்னணுக் கருவி தேவைப்படுகிறது.

பழுது நீக்கும் உரிமை குறித்து ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. மோட்டார் வாகனத் துறையும் அதன் வரம்பில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. பராமரிப்புக் கையேடுகளும் உதிரிபாக விவரங்களும் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். வாகனத்தைத் தானே கழற்றிப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு, உண்மையில் இது அடிப்படையான உரிமை.

நடுவழி உண்டா?: பழைய வாகனங்கள் எல்லாவற்றையும் கட்டுப்பாடின்றி ஓடவிட வேண்டும் என்று பொறுப்புள்ள ஆர்வலர் எவரும் கோரமாட்டார். 15-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வாகனங்களுக்குத் தனி வகைப் பதிவு, கடுமையான ஆண்டுச் சோதனை, ஓட்டும் நாள்களுக்கும் தூரத்துக்கும் வரம்பு, காற்று மாசு மிகுந்த நாள்களில் முழுத் தடை, அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றை அரசு பரிசீலிக்கலாம். பழம்பெரும் வாகனங்களுக்கு ஏற்கெனவே உள்ள விதிகளைச் சற்று விரிவுபடுத்தினாலே இதற்கு வழி பிறக்கும். ஒரு சில ஆயிரம் வாகனங்கள் மாதத்தில் ஓரிரு நாள்கள் ஓடுவதால் வரும் புகையை அளப்பது இயலாத காரியம் அல்ல. அளந்த பிறகு முடிவெடுப்பதே முறை.

திருவொற்றியூரிலும் ஃபரீதாபாதிலும் மைசூரிலும் தொழிலாளர்களின் கைகள் உருவாக்கிய இயந்திரங்கள், நாட்டின் தொழில் வரலாற்றின் பகுதி. அவற்றை ஓடவைக்கும் திறன் புத்தகங்களில் இல்லை. கரோல் பாக் மிஸ்திரிகளின் காதிலும், ஞாயிற்றுக்கிழமை ஆர்வலர்களின் விரல்களிலும் உள்ளது. 2033-இல் முதல் ஆர்.டி. 350 பாரம்பரியச் சின்னமாகப் பதிவு பெறும் தகுதியை எட்டும்போது, தலைநகரில் அந்த வாகனம் எஞ்சியிருக்குமா, அதைக் கிளப்பத் தெரிந்தவர் எஞ்சியிருப்பாரா என்பது இப்போது எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது.